டெட்லிஃப்ட் 140-ல் நிக்குது: 3 நாள் ரொட்டீன்ல எந்த வகையை வைக்கலாம்?

வடபழனி_மாலை

வாரம் 3 நாள் பயிற்சி: திங்கள், புதன், வெள்ளி. உயரம் 178 செ.மீ., எடை 76 கிலோ. லோ-பார் ஸ்குவாட் (ராடை முதுகுல கொஞ்சம் தாழ வெச்சு உட்கார்ந்து எழறது) 120, பெஞ்ச் 85, கன்வென்ஷனல் டெட்லிஃப்ட் (கை ரெண்டும் காலுக்கு வெளியே, தரையிலேர்ந்து ராடை எடுத்து நிமிர்றது) 140 கிலோ. வெள்ளிக்கிழமை டெட்லிஃப்ட் 115 கிலோவுல 5 செட், 5 ரெப் (5 சுற்று, சுற்றுக்கு 5 தடவை). 140 தரையை விட்டுக் கிளம்பிடுது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வந்ததும் ராட் நிக்குது, முதுகும் அங்கதான் வளையுது.

ஜிம்ல பவர் ராக், ட்ராப் பார் (உள்ள நின்னு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கற ராட்), ரப்பர் மேட் எல்லாம் இருக்கு. ஒரு வருஷம் கழிச்சு பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகலாம்னு எண்ணம். சுமோவுக்கு (காலை அகட்டி நின்னு இழுக்கறது) மாறு, ராக் புல் (ராடை ராக் கம்பி மேல உயர்த்தி வெச்சு இழுக்கறது) சேர், ட்ராப் பார் போதும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அண்ணன்மார், அக்காமார் காரணத்தோட சொன்னா உதவியா இருக்கும்.

பழைய_ராட்

தம்பி, ராட் முழங்கால் கிட்ட நிக்குதுன்னா முழங்கால் கிட்டதான் பலவீனம்னு உடனே எடுத்துக்காதீங்க. பெரும்பாலும் தப்பு தரையிலேயே நடந்திருக்கும், கணக்கு முழங்கால்ல தீர்க்கப்படும். பக்கவாட்டுல போனை இடுப்பு உயரத்துல வெச்சு 120 கிலோவுல ஒரு செட் எடுங்க. மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு: பிளேட் தரையை விடறதுக்கு முன்னாடியே இடுப்பு மேல போகுதா? அப்படின்னா இடுப்பை ரொம்பத் தாழ்த்தி, ஸ்குவாட் மாதிரி உட்கார்ந்து ஆரம்பிக்கறீங்க. உடம்பு தனக்கு ஏத்த உயரத்துக்கு இடுப்பைத் தானே கொண்டு போயிடும், அதுக்குள்ள முதுகு இறுக்கம் போயிடும்.

ரெண்டு: ராட் கால்ல உரசிட்டு வருதா, இல்ல முன்னாடி விலகுதா? இடுப்பு மூட்டுலேர்ந்து ராட் 5 செ.மீ. கூடுதலா விலகினா, 140 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 70 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கூடுது. மேல கொண்டு வர்ற பலம் இருந்தும் ராட் நிக்கறதுக்கு இதுவே போதும்.

மூணு: ராட்டோட இடைவெளியை எடுத்துட்டு இழுக்கறீங்களா, வெடுக்குன்னு பிடுங்கறீங்களா? கையை நீட்டி, அக்குளை இறுக்கி, மெல்ல இழுத்தா ராட் பிளேட்டோட ஓட்டையில முட்டி 'டக்'னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம்தான் காலால தரையை அழுத்தணும். பிடுங்கினா முதல்ல வளையறது முதுகு.

இந்த மூணும் சரியா இருந்தும் அதே இடத்துல நின்னாதான் வகையை மாத்தறதைப் பத்தி யோசிக்கணும்.

காரைக்குடி_பவர்

அண்ணன் சொன்னது சரி. ஆனா வகையும் வேணும். என் பரிந்துரை டெஃபிசிட். 3 செ.மீ. மேட் மேல நின்னு இழுங்க, எடையை 10 சதவீதம் குறைங்க. தரையிலேர்ந்து எடுக்கறது கடினமானா நடுவுல வேகம் தானா வரும். சுமோ வேண்டாம். தூரம் குறையுது, முதுகு வேலை குறையுது, அப்புறம் எதுக்கு டெட்லிஃப்ட்? 2016-ல எட்டி ஹால் 500 கிலோ எடுத்ததும், 2020-ல ஹஃப்தோர் பியோர்ன்சன் 501 எடுத்ததும் கன்வென்ஷனல்லதான்.

யாழினி_63

அந்த இரண்டு சாதனைகளும் ஸ்ட்ராங்மேன் விதிப்படி நடந்தவை. அங்கே ஸ்ட்ராப் (கையை ராடோடு கட்டும் பட்டை) அனுமதி, சுமோவுக்குத் தடை. தடை செய்யப்பட்ட முறையில் யாரும் சாதனை படைக்கவில்லை என்பது அந்த முறையின் பலவீனத்துக்குச் சான்றாகாது. பவர்லிஃப்டிங்கில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. அமெரிக்கப் பவர்லிஃப்டர் எட் கோன் 1991-ல் 100 கிலோ பிரிவில் 901 பவுண்டு, ஏறக்குறைய 409 கிலோ, கால்களை அகட்டி நின்றுதான் எடுத்தார்.

சுமோவில் ராட் பயணிக்கும் தூரம் குறைவு, மேலுடல் நிமிர்ந்திருப்பதால் கீழ்முதுகின் மீதான திருப்புவிசையும் குறைவு. ஆனால் அந்த வேலை காணாமல் போவதில்லை. முன்தொடைக்கும் உள்தொடைக்கும் மாறுகிறது. கன்வென்ஷனலில் நடுவில் சிக்குபவர் சுமோவில் தரையிலேயே சிக்கக்கூடும். பிளேட் தரையை விட இரண்டு விநாடிகூட ஆகும். அதுவரை நிலையைக் கலைக்காமல் அழுத்திக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவருக்குச் சுமோ சரிப்படாது.

யாருக்குச் சரிப்படும் என்பதை உடலமைப்பு பெருமளவு சொல்லிவிடும். நிமிர்ந்து நின்று ராடைப் பிடித்திருக்கும்போது அது தொடையில் எங்கே படுகிறது என்று பாருங்கள். தொடையின் நடுப்பகுதிக்குக் கீழே வந்தால் கை நீளம், கன்வென்ஷனல் எளிது. அடிவயிற்றுக்கு அருகில் என்றால் கை குட்டை. தொடையெலும்பும் நீளமாக இருந்தால் கன்வென்ஷனலில் முதுகு தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அவர்கள் சுமோவையோ ட்ராப் பாரையோ முயன்று பார்க்க வேண்டும்.

முயற்சி என்பது ஒரு நாள் வேலையல்ல. ஒரு மாலையில் சுமோவில் 120 எடுத்துப் பார்த்து 'கனக்குது' என்று விடுவதில் எந்தத் தகவலும் இல்லை, உள்தொடை அதற்குப் பழகியிருக்காது. 6 முதல் 8 வாரம், வாரம் ஒரு முறை, 60 முதல் 70 சதவீத எடையில் 5 செட், 3 ரெப். பிறகு ஒப்பிடுங்கள்.

வடபழனி_மாலை

அக்கா, ராட் அடிவயித்துக்கும் நடுத்தொடைக்கும் இடையில படுது. நடுத்தரம்னு நினைக்கிறேன். வீடியோ எடுத்துப் பாத்தேன். அண்ணன் சொன்ன முதல் ரெண்டும் இருக்கு: இடுப்பு முதல்ல எழும்புது, ராட் தரையை விட்டதும் முன்னாடி போகுது. இன்னொண்ணு: வார்ம்-அப் செட்ல 10 கிலோ பிளேட் போட்டுத்தான் இழுக்கறேன், 20 கிலோ பிளேட் எப்பவும் யாராவது எடுத்திருப்பாங்க.

பழைய_ராட்

அந்த 10 கிலோ பிளேட் விஷயத்தை முதல்ல சரி பண்ணுங்க. 20 கிலோ பிளேட்டோட விட்டம் 45 செ.மீ., அதனால ராட்டோட மையம் தரையிலேர்ந்து 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். சாதாரண 10 கிலோ பிளேட் அதைவிடச் சின்னது. ராட் அவ்வளவுக்குத் தாழ்ந்து நிக்கும், நீங்க தெரியாமலே டெஃபிசிட் பண்றீங்க. வார்ம்-அப்ல ஒரு உயரம், வேலை செட்ல இன்னொரு உயரம்னா இடுப்பை எங்க வைக்கணும்னு உடம்பு எப்படிப் பழகும்? ரெண்டு பக்கமும் பிளேட்டுக்கு அடியில மேட் அடுக்கி, 22.5 செ.மீ. வர்ற வரைக்கும் டேப் வெச்சு அளந்துடுங்க. 178 செ.மீ. உயரத்துக்குத் தாழ்வான ராட் இன்னும் சிரமம்.

ராட்டையும் ஒரு தடவை எடை மெஷின்ல நிறுத்துப் பாருங்க. 20 கிலோன்னு சொல்ற ராட் எல்லாம் 20 இல்ல. ஸ்லீவ் (பிளேட் மாட்டற முனை) சுழலாத ராட்டா இருந்தா சுழல்ற ராட்டை எடுங்க. சுழலலைன்னா பிளேட் உருளும்போது ராட் உங்க கைக்குள்ளயே திரும்பி பிடியைப் பிரிக்கும்.

காரைக்குடித் தம்பி சொன்ன டெஃபிசிட் இவருக்கு இப்போ வேண்டாம். தரையில முதுகு நேரா இருந்தும் மெதுவா கிளம்பறவங்களுக்கு அது நல்ல வகை: 2.5 முதல் 5 செ.மீ. வரைக்கும், அதுக்கு மேல போனா அது வேற லிஃப்ட். இவருக்கு இடுப்பு முதல்லயே எழும்புது. இன்னும் தாழ்வான இடத்துலேர்ந்து இழுக்கச் சொன்னா அதே தப்பு பெருசாகும்.

காரைக்குடி_பவர்

இடுப்பு முதல்ல எழும்புதுங்கறதை வெச்சுப் பாத்தா ஒத்துக்கறேன். அப்போ பாஸ் டெட்லிஃப்ட் கொடுக்கலாம். பிளேட் தரையை விட்டு 5 செ.மீ. எழும்பினதும் 2 விநாடி நிறுத்தி, அப்புறம் முழுசா இழுக்கறது. ராட் முன்னாடி விலகி இருந்தா நிறுத்தவே முடியாது, காலோட முன்பக்கம் பாரம் போயிடும். தப்பு அங்கயே தெரியும், வெளியிலேர்ந்து யாரும் திருத்த வேண்டாம். 60 முதல் 70 சதவீதம், 3 ரெப்புக்கு மேல வேண்டாம். 2 விநாடியை மனசுக்குள்ள 'ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு'ன்னு எண்ணணும், இல்லன்னா அரை விநாடியிலேயே முடிஞ்சிடும்.

ராக் புல்லை மட்டும் ஏன் யாரும் தொடலை? இவர் நிக்கற இடம் அதுதானே?

யாழினி_63

ராக் புல் செய்தால் இவருக்கு 170 கிலோ வரும், மகிழ்ச்சியும் வரும், 140 அங்கேயே நிற்கும். முழங்காலுக்குக் கீழே ராடை வைத்துவிட்டு, வசதியான கோணத்தில் முழங்காலைத் தள்ளி ஆரம்பிப்பார். தரையிலிருந்து வரும்போது அந்தக் கோணத்தில் அவர் இருப்பதே இல்லை. முழங்காலுக்கு மேலே வைத்துச் செய்வது தோள்பட்டைத் தசைக்கும் பிடிக்கும் வேலை கொடுக்கும், டெட்லிஃப்டுக்கு மிகக் குறைவாகவே உதவும்.

ராடும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ராக்கின் கம்பிகள் ராடை உள்பக்கம் தாங்குகின்றன, பிளேட்டுகள் வெளியே தொங்குகின்றன. தரையில் இருக்கும்போதோ பாரம் பிளேட்டின் அடியில் தாங்கப்படுகிறது; இழுக்கும்போது ராடின் நடுப்பகுதி முதலில் மேலே வளைந்து, பிறகுதான் பிளேட் எழும்பும். அந்த உணர்வு ராக் புல்லில் கிடைக்காது. கம்பி மீது ராடைப் போட்டுப் போட்டு அது நிரந்தரமாக வளைந்துபோவது தனி நஷ்டம்.

மேல்பாதி உண்மையிலேயே பலவீனமானவர்கள், அதாவது ராட் காலை ஒட்டியே வந்து, முதுகும் நேராக இருந்து, முழங்காலைத் தாண்டிய பின் இடுப்பை முன்னே கொண்டுவர முடியாதவர்கள், பிளேட்டுக்கு அடியில் 8 முதல் 10 செ.மீ. மேடை வைத்து பிளாக் புல் செய்யலாம். தரையில் தொடங்கும் அதே இடுப்பு, தோள் அமைப்போடு செய்தால்தான் பலன் உண்டு.

எலும்பும்_தசையும்

முதுகு வளைவதைப் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்வையில் சேர்க்கிறேன். மேல்முதுகு ஆரம்பத்திலிருந்தே லேசாக வளைந்து, இறுதிவரை அதே வளைவில் நிற்பது அனுபவசாலிகளிடம் பார்க்கக்கூடியது. கவலைப்பட வேண்டியது, கீழ்முதுகு நேராகத் தொடங்கி, பாரத்தோடு வளைந்துகொண்டே போவது. அது தொடங்கும் எடையே இன்றைய உச்ச எடை. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரெப்பும் வேறொரு லிஃப்டைப் பழக்குகிறது.

சுமோவை முயல்பவர்களுக்கு: ராட் இல்லாமல் அகலமாக நின்று, பாதங்களை 30 முதல் 45 டிகிரி வெளியே திருப்பி, மெல்ல உட்காருங்கள். முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே போக வேண்டும். இடுப்பு மூட்டின் முன்பக்கம் கிள்ளுவது போல வலித்தால் அகலத்தைக் குறையுங்கள். குறைத்தும் வலித்தால் அந்த மூட்டின் வடிவத்துக்குச் சுமோ பொருந்தவில்லை என்று விட்டுவிடுவது நல்லது, நீட்டிப் பயிற்சியால் எலும்பின் வடிவம் மாறாது. மிக அகலமாக நிற்பவர்களின் கால்விரல் பிளேட்டுக்கு மிக அருகில் வரும். இறக்கும்போது கட்டுப்பாடு போனால் விரல் நசுங்கும்.

குறுக்கெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, மரத்துப்போதல், காலில் பலவீனம் இருந்தால் எந்த வகை என்ற கேள்வியே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

வடபழனி_மாலை

காலுக்கு இறங்கற வலி எதுவும் இல்ல. திங்கள் லோ-பார் ஸ்குவாட் முடிச்சா வெள்ளி வரைக்கும் கீழ்முதுகு சோர்வா இருக்கு, அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்கு ட்ராப் பார் வைக்கலாமா? அப்புறம் ரொமேனியன், ஸ்டிஃப் லெக் ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க ஜிம்ல யாருக்கும் தெளிவா இல்ல.

யாழினி_63

ரொமேனியன் மேலிருந்து தொடங்கும். ராக்கிலிருந்து எடுத்து நின்றபடி. முழங்கால் லேசாக மடங்கி, அந்தக் கோணம் கடைசிவரை மாறாது. இடுப்பு மட்டும் பின்னால் போகும், ராட் தொடையை உரசியபடி இறங்கும். பின்தொடை இழுபட்டு, இடுப்பு இனி பின்னால் போக முடியாது என்ற இடமே முடிவு. பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. தரையைத் தொடுவதில்லை. ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிகு விளாட் 1990-ல் அமெரிக்காவில் செய்துகாட்டியதால் இந்தப் பெயர்.

ஸ்டிஃப் லெக் தரையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ரெப்பும் தரைக்கே திரும்பும். கால் இன்னும் நேராக, இடுப்பு இன்னும் உயரமாக இருக்கும். கீழ்முதுகுக்கு வேலை அதிகம். உங்கள் சோர்வைப் பார்த்தால் அது இப்போது வேண்டாம்.

ரொமேனியனில் இரண்டு தவறுகள்தாம் திரும்பத் திரும்ப வரும். தரையைத் தொட ஆசைப்பட்டு முதுகை வளைப்பது. ராட் இறங்க இறங்க முழங்காலை மடக்கி அதை ஸ்குவாட் ஆக்குவது. இதில் ஸ்ட்ராப் போடுங்கள். பின்தொடைக்கு முன் பிடி ஓய்ந்துபோனால் பயிற்சியின் நோக்கமே போய்விடும்.

பழைய_ராட்

ட்ராப் பார் நல்ல சாதனம், இவர் கேக்கற காரணமும் நியாயமானது. பாரம் முன்னாடி இல்லாம ரெண்டு பக்கமும் இருக்கறதால இடுப்புக்கும் பாரத்துக்கும் இடையில தூரம் குறையும், முழங்கால் அதிகம் மடங்கும், முன்தொடை வேலை கூடும். போட்டி எண்ணமே இல்லாதவங்க, விளையாட்டு வீரங்க, நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து வேலை பாக்கறவங்க ட்ராப் பாரையே முதன்மை டெட்லிஃப்டா வெச்சுக்கலாம், ஒரு குறையும் இல்ல.

கவனிக்க வேண்டியது: மேல் கைப்பிடிக்கும் கீழ் கைப்பிடிக்கும் உயரம் வேற, அதனால எடையோட எந்தக் கைப்பிடின்னும் நோட்டுல எழுதுங்க. மேல் கைப்பிடியில 160 வந்தா நேர் ராட்ல 150 வரும்னு அர்த்தம் இல்ல. பாரோட எடை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறுத்துப் பாருங்க. கைப்பிடியோட நட்டநடுவுல பிடிங்க. ஒரு விரல் அளவு தள்ளிப் பிடிச்சாலும் முன்னாடியோ பின்னாடியோ சாயும்.

ஆனா இவர் ஒரு வருஷத்துல போட்டிக்குப் போகணும். போட்டியில ட்ராப் பார் கிடையாது. இவரோட குறை ராட் காலை விட்டு விலகறது. ட்ராப் பார்ல விலகறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஏன்னா ஆள் உள்ள நிக்கறார். குறையை அது மறைக்கும், திருத்தாது. சோர்வுதான் காரணம்னா திங்கள், வெள்ளி வேலையைக் குறைக்கறதுதான் வழி. 115-ல 5 செட் 5 ரெப்னா உச்சத்துல 82 சதவீதத்துல 25 ரெப். 76 கிலோ ஆளுக்கு, அதே வாரம் லோ-பார் ஸ்குவாட்டும் இருக்கும்போது, அது மிக அதிகம். கடைசி ரெண்டு செட்ல பழகறது தப்பான அசைவு மட்டும்தான்.

என் திட்டம் இது. கன்வென்ஷனல்தான் முதன்மை. வெள்ளிக்கிழமை:

முதல் வாரம் 97.5 கிலோ, 4 செட் 5 ரெப்.
ரெண்டாம் வாரம் 105 கிலோ, 4 செட் 4 ரெப்.
மூணாம் வாரம் 115 கிலோ, 3 செட் 3 ரெப்.
நாலாம் வாரம் 90 கிலோ, 2 செட் 3 ரெப்.

அடுத்த சுற்றுல ஒவ்வொண்ணுக்கும் 2.5 கிலோ கூட்டுங்க. நாலாம் வாரம் தவிர மத்த வாரங்கள்ல, இது முடிஞ்சதும் பாஸ் டெட்லிஃப்ட் 90 கிலோ, 2 செட் 3 ரெப். ஒவ்வொரு ரெப்பும் தரையில முழுசா நிக்கணும், பிளேட்டைத் தரையில மோதி எகிற வைக்கற ரெப் கணக்குல சேராது. திங்கள் ஸ்குவாட்டுக்கு அப்புறம் ரொமேனியன் 80 கிலோ, 3 செட் 8 ரெப். புதன் பெஞ்சோட ரோ (எடையை உடம்புப் பக்கம் இழுக்கறது) பண்ணும்போது குனிஞ்சு பண்ணாம, பெஞ்ச்ல நெஞ்சைச் சாய்ச்சுப் பண்ணுங்க. கீழ்முதுகுக்கு அன்னிக்கு முழு ஓய்வு.

காரைக்குடி_பவர்

திங்கள் ஸ்குவாட்டுக்கு அப்புறம் உடனே ரொமேனியன் போட்டா சோர்வு இன்னும் கூடாதா?

பழைய_ராட்

கூடும். ஆனா திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவுல நாலு நாள் இருக்கு. புதன்ல வெச்சா வெள்ளிக்கு ரெண்டு நாள்தான். முதல் ரெண்டு வாரம் பாத்துட்டு, வெள்ளி 97.5 கனமா தெரிஞ்சா ரொமேனியனை 2 செட்டா குறைக்கலாம், எடையைக் குறைக்க வேண்டாம்.

வடபழனி_மாலை

சரி அண்ணா, இந்த வெள்ளியே ஆரம்பிக்கறேன். பிடி: இப்போ மிக்ஸ்ட் கிரிப் (ஒரு உள்ளங்கை வெளிய பாத்து, இன்னொண்ணு உடம்பைப் பாத்து), எப்பவும் வலது உள்ளங்கை மேல் நோக்கி. எங்க ஜிம்ல கை வழுக்காம இருக்கப் போடற சாக் பொடி போட விடமாட்டாங்க. காலணி சாதாரண ரன்னிங் ஷூ.

யாழினி_63

ரன்னிங் ஷூவை இன்றே விடுங்கள். மெத்தென்ற அடிப்பாகம் பாரத்தில் அமுங்கி, குதிகால் உயரத்தால் உடல் முன்னே சாயும். ராட் விலகுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தட்டையான மெல்லிய அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஸ்குவாட்டுக்கான உயர்ந்த குதிகால் ஷூவையும் இதற்குப் போடாதீர்கள்.

மிக்ஸ்ட் கிரிப்பில் மேல் நோக்கிய கையின் முழங்கை சற்றே மடங்கினாலும் பைசெப்ஸ் தசைநாண் கிழியும் ஆபத்து உண்டு. கை கயிறு போலத் தொங்க வேண்டும், இழுக்கக் கூடாது. வார்ம்-அப் அனைத்தும் இரு கையும் உள்நோக்கிய பிடியில் செய்யுங்கள், பிடி தாங்காத எடையில் மட்டும் மாற்றுங்கள். செட்டுக்குச் செட் கையை மாற்றுவது இரு பக்கத்தையும் சமமாக வைக்கும். ஹூக் கிரிப் பழகினால் இந்தச் சிக்கலே இல்லை. கட்டைவிரலை ராடோடு சேர்த்து மற்ற விரல்களால் மூடுவது. சில வாரங்கள் வலிக்கும், 60 கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். சாக் பொடிக்குப் பதில் திரவ சாக் கேட்டுப் பாருங்கள், தரையில் கொட்டாது என்பதால் பல ஜிம்கள் விடுகின்றன.

போட்டி எண்ணம் இருப்பதால் இன்னும் ஒன்று. நின்ற பிறகு நடுவர் 'டவுன்' சொல்லும் வரை பிடித்திருக்க வேண்டும், இரு கையும் ராடில் இருக்கக் கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டும். மேலே வரும் வழியில் ராட் கீழே இறங்கினாலோ, தொடையில் தாங்கவைத்து ஏற்றினாலோ செல்லாது. இப்போது நீங்கள் நிற்கும் இடம் தொடையில் தாங்கத் தூண்டும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒவ்வொரு செட்டின் கடைசி ரெப்பையும் மேலே 1 விநாடி நிறுத்தி இறக்குங்கள். மூன்றாம் வாரம் 115-ன் கடைசி செட்டை அதே இடத்தில், அதே உயரத்தில் போனை வைத்து எடுத்து இங்கே போடுங்கள். முதலில் எழும்புவது பிளேட்டா இடுப்பா என்பதைப் பார்த்து, அடுத்த சுற்றில் பாஸைத் தொடர்வதா பிளாக் புல்லுக்கு மாற்றுவதா என்று சொல்கிறேன்.